துண்டு ஒழிந்தது, துன்பம் ஒழிந்ததா?

(ஹட்டனில் அண்மையில் நடைபெற்ற பெற்றோர், ஆசிரியர், தோட்டத் தலைவர்கள் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தால் இந்த மண்டபத்தில் நிற்க இடம் கிடைத்திராது. இன்று பின்வரிசைகள் காலியாக இருக்கின்றன. இதை நான் குறையாகக் கூறவில்லை. நாம் பேச வெட்கப்படுகின்ற விடயம் இது. ஆனால், நம்முடைய வெட்கத்தையே மூலதனமாக வைத்துச் சிலர் வியாபாரம் நடத்துகின்றார்கள் என்பதை அறிந்த பின்பும் வாய்மூடி இருப்பது நியாயமாகுமா? அதைக் கேட்கவே உங்கள் முன் நிற்கின்றேன்.

இரண்டு சிறுமிகள்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு சிறுமிகளைப் பற்றிய செய்திகள் இந்நாட்டை உலுக்கின.

முதலாவது, கல்கிசையிலிருந்து ஜூன் மாதத்தில் வந்தது. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தளங்களில் விளம்பரம் செய்யப்பட்டு, பல ஆண்களுக்கு விற்கப்பட்டாள் என்று பொலிசார் நீதிமன்றில் தெரிவித்தனர். கைதானவர்கள் ஒருவர் இருவரல்லர்; பலர். அவர்களுள் சமுதாயத்தில் மதிப்போடு நடமாடியவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது செய்தி நம்முடைய மலையைப் பற்றியது. டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுச் சிறுமி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் இல்லத்தில் பணிபுரிந்தவள், எரிகாயங்களோடு ஜூலை 3ஆந் தேதி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 15ஆந் தேதி உயிர் நீத்தாள். அவளுடைய உடல் அதே மாத இறுதியில் நீதிமன்ற உத்தரவின் பேரில் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டு, இரண்டாவது பிரேத பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. அந்நாட்களில் மலையகமெங்கும் மக்கள் தெருவில் இறங்கி நீதி கேட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எவர் குற்றவாளி, எவர் குற்றவாளி அல்லர் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை நீதிமன்றங்களே. நான் பேச வந்தது வேறு.

ஒருத்தியை இணையம் விற்றது. மற்றவளைத் தரகன் கூட்டிச் சென்றான். இவை இரண்டும் வெவ்வேறு சம்பவங்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சற்று ஆழமாகப் பார்த்தால், இரண்டு பாதைகளும் ஒரே வாசலில் தொடங்குவது தெரியும். எந்தப் பிள்ளை எங்கே போகிறாள், எப்போது வருகிறாள், ஏன் அழுகிறாள் என்று கேட்க ஆள் இல்லையோ, அந்தப் பிள்ளையைத்தான் தரகனும் தேடுகிறான். இணையத்தில் தூண்டில் போடுகிறவனும் தேடுகிறான்.

தோட்டத்தின் வாசல்

ஒரு காலத்தில் நம்முடைய தோட்டங்களுக்குள் வெளியார் ஒருவர் நுழைவதென்றால் துரையின் உத்தரவு வேண்டும். உறவினர் வந்தாலும் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார்கள். தோட்டத் தொழிலாளருக்காக 1931இல் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், அதற்கு முன்னரே துணி வியாபாரியைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்பது வரலாறு. நமக்கு நன்மை செய்ய வந்தவருக்கே அன்று வாசல் அடைபட்டிருந்தது.

இன்றோ வாசல் என்ற ஒன்றே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், கம்பளிக்குள் படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலைமாட்டுக்கே உலகத்தின் எந்த மூலையிலுள்ள எவனும் வந்துவிடலாம். அவனைத் தடுக்கக் காவற்காரன் இல்லை. அவன் வந்து போனதற்குச் சாட்சி சொல்ல நாயின் குரைப்புக்கூட இல்லை.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கே 2021 வரை போராடிய மக்கள், கடன்பட்டுக் கைத்தொலைபேசி வாங்கினார்கள். அலைவரிசை கிடைக்காத மலைகளிற் பிள்ளைகள் மேட்டின் மேலும் பாறையின் மேலும் ஏறி நின்று படித்தார்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையில் பெற்றோர் செய்த தியாகம் அது. ஆகவே கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்ததே குற்றம் என்று கூறுவோரோடு நான் உடன்படேன். கருவியைக் கொடுத்தோம், அதன் ஆபத்தைச் சொல்லிக் கொடுக்க நமக்கே தெரிந்திருக்கவில்லை. அதுதான் உண்மை.

என் தவறு

இந்த இடத்தில், என் தொழில் வாழ்க்கையிலே நான் செய்த பிழை ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு தாயும் தந்தையும் என்னுடைய அலுவலகத்துக்கு வந்தார்கள். எந்தத் தோட்டம் என்று நான் கூறப்போவதில்லை. அவர்களுடைய பெண்பிள்ளைக்கு வயது பதினான்கு. முகம் தெரியாத ஒருவன் தன் வயதுப் பையன் என்று கூறிப் பழகி, நல்ல வார்த்தை பேசி, படம் ஒன்றை அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொண்டான். அடுத்த நாளே அவன் குரல் மாறியது. இன்னும் படம் அனுப்பு. அனுப்பாவிட்டால் முதற் படம் உன் அப்பாவின் போனுக்கு வரும் என்றான். பிள்ளை மூன்று வாரம் ஒருவருக்கும் சொல்லாமல் அவன் சொன்னபடியெல்லாம் செய்தாள். இறுதியில் தாயே கண்டுபிடித்தாள்.

நான் அவர்களிடம் என்ன கூறினேன் தெரியுமா? "போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுங்கள். ஊருக்குத் தெரியாமல் விட்டுவிடுங்கள். வழக்கென்று போனாற் பிள்ளையின் எதிர்காலம் பாழாகும்" என்றேன். நல்லெண்ணத்தோடுதான் கூறினேன். சட்டம் படித்த வாயால் கூறினேன்.

தந்தை வீட்டுக்குப் போய்ப் போனை அடித்து நொறுக்கினார். பிள்ளையையும் அடித்தார். பாடசாலை திறந்தபோது அவளை அனுப்பவில்லை. சில மாதங்களில், "இங்கே இருந்தாற் பெயர் கெட்டுவிடும்" என்று நகரமொன்றில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கும் அவள் நிம்மதியாக இருக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். மிரட்டியவனோ கடல் கடந்த தேசத்தில் இருந்தவன் அல்லன். அந்தக் குடும்பம் ரீலோட் போடுகின்ற கடையிலே நின்று அவளுடைய இலக்கத்தை எடுத்தவன். நாம் அழித்த ஆதாரத்தோடு அவனுடைய குற்றமும் அழிந்தது. அவன் இன்றும் நடமாடுகிறான்.

பிள்ளை திரும்பி வந்தபின் தாயிடம் கேட்ட கேள்வியைத் தாய் எனக்குக் கூறினாள்: "தப்புச் செஞ்சது அவன், என்னைய ஏன் ஊரை விட்டு அனுப்புனீங்க?" இதற்கு விடை சொல்ல முடியாத சட்டத்தரணியாக நான் அன்று உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே, கணக்கைப் பாருங்கள். கடைவாசலில் தொடங்கிய குற்றம் இணையத்துக்குள் சென்றது. இணையத்திலிருந்து அடியாக வீட்டுக்குள் வந்தது. வீட்டிலிருந்து கல்வி இழப்பாகப் பாடசாலைக்குச் சென்றது. அங்கிருந்து அந்நிய வீட்டின் சமையலறைக்குச் சென்றது. இதில் எது இணையக் குற்றம், எது வீட்டுக் கொடுமை என்று எவரால் கோடு கிழிக்க முடியும்? ஆபிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் 13 நாடுகளில் யுனிசெவ், இன்டர்போல் முதலிய அமைப்புகள் நடத்திய ஆய்வும், இணையத்தின் வழியே பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோரிற் பலர் அப்பிள்ளைகளுக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பதையே காட்டியது. அந்நியன் வருவான் என்று மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவனோ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

புதிய துண்டு

நம்முடைய பாட்டன்மாருக்குத் "துண்டு" என்றால் என்ன என்று தெரியும். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எவ்வளவு என்பதை எழுதிய துண்டு அவனைக் கட்டிப்போட்டது. வேலை செய்யச் செய்யக் கடன் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. அந்த முறை 1921இற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இன்று ஒரு பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருப்பவன் அதே துண்டைத்தான் வைத்திருக்கிறான். ஒரு படம் கொடுத்தால் விட்டுவிடுவேன் என்பான். கொடுத்தால் இரண்டு கேட்பான். பிறகு பணம் கேட்பான். பிறகு நேரில் வரச் சொல்வான். பிள்ளை கொடுக்கக் கொடுக்கக் கடன் வளர்கிறது. இப்போது பிள்ளை படம் கொடுக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பாடசாலை விழாவில் எடுத்த படத்திலிருந்து முகத்தை எடுத்து, வேறோர் உடலிற் பொருத்தித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு குற்றமும் அறியாத பிள்ளைமீதும் துண்டு எழுத முடியும்.

அந்தத் துண்டுக்குப் பலம் கொடுப்பது எது? காகிதமா? இல்லை. "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்" என்று பிள்ளை நினைக்கிறாளே, அந்தப் பயம்தான். அப்பாவிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை இருந்தால், மிரட்டுகிறவனின் கையில் இருப்பது வெறும் படம். அடிக்கின்ற வீடு, தனக்குத் தெரியாமலே அவனுக்குப் பங்காளியாகிவிடுகிறது. தவறணையிலிருந்து திரும்பும் தந்தையின் காலடிச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளை, இனிமையாகப் பேசுகின்ற ஒரு குரலை நம்பியதில் என்ன வியப்பு? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாயின் முகத்தை வாரத்துக்கொருமுறை போனிற் காணும் பிள்ளை, அதே போனில் அன்பைத் தேடியதில் என்ன வியப்பு?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லை என்று எவரும் கூற முடியாது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திச் சிறுவரின் ஆபாசப் படங்களுக்கு எதிரான 286அ பிரிவைச் சேர்த்தது. அன்று சட்டம் எழுதியவர்கள் படம் கழுவும் ஸ்டூடியோவை நினைத்துக்கொண்டு எழுதினார்கள். அத்தகைய படம் கண்ணில் பட்டால் கழுவுகிறவர் உடனே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்றார்கள். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் கணினியை நினைத்தது. கணினி வசதி அளிப்பவர், அது சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிந்தால் அறிவிக்க வேண்டும். தம் பொறுப்பிலுள்ள கட்டடத்தில் இக்குற்றம் நடப்பதை அறிந்தவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். போன் திருத்தும் கடைக்காரரே, தோட்ட நிர்வாகமே, இவற்றைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் சிலவற்றைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது: அத்தகைய படத்தை எடுப்பது மட்டுமன்றி, வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றமே. இரண்டு ஆண்டுக்குக் குறையாமற் பத்து ஆண்டு வரை சிறை. "பாவம், நம்ம லயத்துப் பிள்ளை" என்று இரக்கப்பட்டுக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்புகிறவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

இரண்டாவது: பராமரிப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 308அ பிரிவின்படி குற்றம். அதற்கும் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து பத்து ஆண்டு வரை. பெற்றவர் என்ற உறவு அதற்கு விலக்களிக்காது.

மூன்றாவது: 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு அமர்த்த முடியாது. பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வியும் கட்டாயம்.

நான்காவது: பிள்ளை நீதிமன்றத்தில் ஆயிரம் கண்களுக்கு முன் நின்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சிறுவர் சாட்சியத்தை ஒளிப்பதிவு செய்து ஏற்பதற்கு 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

2024ஆம் ஆண்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒன்றும் நிறைவேற்றப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பேச்சுரிமையை நெரிக்கும் கயிறு அது என்று பலர் எதிர்த்தார்கள். அந்த ஐயம் எனக்கும் உண்டு. அதற்கு முன்னரே இருந்த சட்டங்களை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெரியவர்களின் வாயை அடைக்க எவருக்கும் சாட்டு கிடைத்திராது.

குறை சட்டத்தில் இல்லை. சட்டத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. மலையிறங்கிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் தாய், அங்கே தன் மொழி பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவரைக் காணாவிட்டால் என்ன சொல்வாள்? எப்படிச் சொல்வாள்? அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்திருக்கிறது. கூசிக் குறுகி நிற்கும் ஒரு சிறுமிக்கு அந்த உரிமை கிடைக்காத இடத்தில், அது ஏட்டுச் சுரைக்காய். வழக்குத் தொடங்கினாலோ, முறைப்பாட்டுக்கும் மேல் நீதிமன்ற விசாரணைக்கும் இடையில் ஆண்டுகள் ஓடுகின்றன. பதின்மூன்று வயதில் நடந்ததை இருபது வயதில், மணம் பேசுகின்ற காலத்தில், வந்து சொல் என்றால் எந்தப் பெண் வருவாள்?

தலைவர்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை

நானும் தொழிற்சங்க மேடைகளில் வளர்ந்தவன். ஆகவே உரிமையோடு கூறுகிறேன். தோட்டத்தில் இப்படியொன்று நடந்தால், முதலில் வருவது பொலிஸ் அன்று. "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று வருகின்ற நாம். இரு பக்கத்தாரையும் உட்காரவைத்து, ஒரு தொகையைக் கொடுக்கச் செய்து, கையை நனைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். சில இடங்களிற் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதையும் தீர்ப்பென்று கூறியிருக்கிறோம். இவை சமாதானமாக்கக்கூடிய குற்றங்கள் அல்ல. சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. நாள் கூலிக்கு விலை பேச நமக்கு உரிமை உண்டு. பிள்ளையின் மானத்துக்கு விலை பேச நமக்கு எவர் அதிகாரம் கொடுத்தார்?

செய்ய வேண்டியது என்ன?

பெற்றோருக்கு: பிள்ளை வந்து சொன்னால், முதல் வார்த்தை "சொன்னது நல்லது" என்பதாக இருக்கட்டும். கேள்விகள் பிறகு. போனில் உள்ளதை அழிக்காதீர்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். மிரட்டியவனின் பெயர், இலக்கம், நாள், நேரம் யாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பிரதி செய்யாமல், எவருக்கும் அனுப்பாமல், போனோடு முறைப்பாட்டுக்குச் செல்லுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணமும் கொடுக்காதீர்கள். மேலும் படமும் கொடுக்காதீர்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. இவ்விரண்டையும் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இணையத்தில் பரவிய படத்தை முடக்குவதற்கு "டேக் இட் டவுன்" என்ற இலவச வசதி உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியேறாமலே அதன் அடையாளம் மட்டும் அனுப்பப்படுகிறது. ஆசிரியர் ஒருவரின் உதவியோடு அதைச் செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு: தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையைத் தேடி லயத்துக்குச் செல்லுங்கள். இடாப்பில் நீங்கள் இடும் ஒரு கோடு, ஒரு பிள்ளையின் வாழ்வில் முதல் அபாய மணி. நன்றாகப் படித்தவள் திடீரெனப் பின்தங்கினால், பிரம்பை எடுப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

தோட்டத் தலைவர்களுக்கு: உங்கள் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வீட்டில், எவர் கூட்டிச் சென்றார் என்ற பட்டியல் ஒன்றை இந்த மாதத்துக்குள் எழுதுங்கள். தரகன் ஒருவன் மலையேறினால், அவன் இறங்குவதற்குள் தோட்டமெங்கும் தெரியட்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை மூன்று. மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் எந்நேரமும் இருக்கவேண்டும். சிறுவர் வழக்குகளுக்கு முதலிடம் கொடுத்து, காலவரையறைக்குள் முடிக்கவேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் தோட்டங்களுக்கு வரவேண்டும். பிள்ளை அவரைத் தேடி நகரத்துக்குப் போகும் நிலை மாறவேண்டும். இம்மூன்றையும் இன்று தீர்மானமாக நிறைவேற்றுமாறு இக்கூட்டத்தை வேண்டுகிறேன்.

மாலையிற் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்து எழுதினால் தராசடியிலேயே நின்று சண்டை பிடிக்கிறோம். பிடிக்கவும் வேண்டும், அது நம் உழைப்பு. காலையிற் பெரட்டுக்களத்தில் ஒரு பெயர் குறைந்தால் கங்காணி, "எங்கே அவள்?" என்று கேட்கிறார். இரவு விளக்கை அணைக்கும் முன், நம் வீட்டிலே, நம் லயத்திலே, ஒரு பிள்ளையின் சிரிப்புக் குறைந்திருந்தால், "என்னம்மா?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். டயகமவில் மண்ணுக்குள் போன சிறுமிக்கு அந்தக் கேள்வி காலத்தோடு எட்டவில்லை. என்னிடம் வந்த அந்தச் சிறுமிக்கு நான் தவறான விடை கொடுத்தேன். மூன்றாவது பிள்ளை ஒருத்தி இன்றிரவு எங்கோ ஒரு காம்பராவில் கம்பளிக்குள் விழித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, அடிக்காமற் காத்திருங்கள்; அவள் சொல்வாள்.